பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் எந்த வருடத்தது? எங்கே குழப்பம் வருகிறதோ அங்கிருந்து பிரித்துப் பார்க்கும் முறை

"இது எந்த வருஷத்து ஸ்ட்ராட்?" என்று கேட்டு எனக்கு வரும் படங்களில் பெரும்பாலும் ஹெட்ஸ்டாக்கின், அதாவது டியூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதியின், முகம் மட்டும்தான் இருக்கும், அதிலும் லோகோவை நெருக்கமாக எடுத்த ஒரு படம். ஒரு கிடாரில் மிகச் சுலபமாக மாற்றக்கூடியது அந்த லோகோ ஸ்டிக்கர்தான், அதை வைத்து வருடம் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது? ஸ்ட்ராட், அதாவது ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஃபெண்டர் நிறுவனத்தின் எலக்ட்ரிக் கிடார். ஃபெண்டர் கிடாரின் நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து, நான்கு திருகில் (சில காலம் மூன்று திருகில்) பாடியோடு சேர்ந்திருக்கிறது. கழற்றி மாற்றச் சுலபமாக இருக்க வேண்டும் என்றுதான் லியோ ஃபெண்டர் அதை அப்படி வடிவமைத்தார். அந்த நல்ல யோசனையே இன்று நமக்குத் தலைவலி, ஏனென்றால் எழுபது வருடமாக ஆட்கள் இந்தப் பாடியில் அந்த நெக்கையும், அந்த நெக்கில் வேறு டியூனிங் கீயையும் மாட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிடாருக்கு ஒரே ஒரு வயது என்று நினைக்காதீர்கள். நெக்குக்கு ஒரு தேதி, பாடிக்கு ஒரு தேதி, உள்ளே இருக்கும் மின் பாகங்களுக்கு ஒரு தேதி. மூன்றையும் தனித்தனியாகப் படித்துவிட்டு, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது என்று நம்பக்கூடிய பாகங்களில் எது கடைசியாக வந்ததோ, அதற்குப் பிறகுதான் கிடார் கோர்க்கப்பட்டிருக்கும். கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒரு கணக்குக்காகத்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் எனக்குக் கைப்பழக்கம் அதிகம்.

கையில் வேண்டியவை: சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மில்லிமீட்டர் போட்ட அளவுநாடா, மல்டிமீட்டர், டார்ச், ஒரு சின்ன காந்தம், அப்புறம் திருகுகளைப் போட்டுவைக்க நாலைந்து கிண்ணம். எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் படம் எடுங்கள். கம்பிகளை முழுவதும் தளர்த்திய பிறகுதான் நெக்கைத் தொட வேண்டும். பழைய மரத்தில் திருகைத் திரும்ப மாட்டும்போது முதலில் கையால் பின்பக்கமாக மெல்லச் சுற்றிப் பாருங்கள், பழைய மரை 'டக்' என்று உட்காரும், அந்த இடத்திலிருந்து முன்னே முறுக்குங்கள். இல்லையென்றால் புது மரை வெட்டி ஓட்டையைக் கெடுத்துவிடுவீர்கள்.

பின்னால் நெக் பிளேட்டில் நம்பரே இல்லை

பயப்பட வேண்டாம், இது போலி என்பதற்கு அடையாளம் இல்லை. 1976 வரைக்கும்தான் வழக்கமாக சீரியல் நம்பர் நெக் பிளேட்டில், அதாவது நெக் திருகுகள் ஏறும் பின்பக்கத் தகட்டில், இருந்தது, அந்த வருடம் ஹெட்ஸ்டாக்குக்குப் போய்விட்டது. முதலில் 76 என்று தொடங்கும் எண்கள், அப்புறம் S எழுத்து. S என்றால் எழுபதுகள், E என்றால் எண்பதுகள், N என்றால் தொண்ணூறுகள், Z என்றால் இரண்டாயிரங்கள், எழுத்துக்குப் பக்கத்தில் வரும் இலக்கம் வருடம். S8 என்றால் 1978, N5 என்றால் 1995. 1954இன் தொடக்கத்தில் வந்த முதல் ஸ்ட்ராட்டுகளில் இன்னொரு இடமும் உண்டு, பின்பக்கம் ஸ்பிரிங்கை மூடும் பிளாஸ்டிக் மூடியில் நம்பர் இருக்கும். அது உங்கள் கைக்கு வருவது அபூர்வம், ஆனாலும் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள்.

நெக் பிளேட்டில் நம்பர் இருந்தால் 1976க்கு முன்னது என்று தலைகீழாக முடிவு கட்டுவதும் தவறு. 1982இல் அமெரிக்காவில் பழைய மாடல்களைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தபோது V என்று தொடங்கும் எண்ணைப் பிளேட்டில்தான் பொறித்தார்கள். அதே 1982இல் ஜப்பானில் தொடங்கிய தயாரிப்பிலும் JV, SQ என்று தொடங்கும் எண்கள் பிளேட்டில்தான் இருக்கின்றன.

நம்பர் ஒரு வருடம் சொல்கிறது, நெக் இன்னொரு வருடம் சொல்கிறது

அதிகம் பேரைக் கலங்கடிப்பது இதுதான், ஆனால் பெரும்பாலான நேரம் இதில் பிழையே இல்லை. ஐம்பது அறுபதுகளில் நெக் பிளேட்டுகளை ஒரு டப்பாவில் கொட்டிவைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். எண்கள் வரிசையாகப் போகவே இல்லை. L என்று தொடங்கும் பிளேட் என்றால் ஏறக்குறைய 1963 முதல் 1965 வரை, பெரிய F எழுத்து பொறித்த ஆறு இலக்கப் பிளேட் என்றால் 1965இன் பிற்பகுதி முதல் 1976 வரை. இதைத் தாண்டி எண்ணை வைத்து மாதக் கணக்கு பேசுகிறவரை நம்ப வேண்டாம். ஒரு வருடம் முன்பின் இருப்பது சகஜம்.

பின்னால் வந்த ஸ்டிக்கர் எண்களிலும் இதே கதைதான். S9 எண் போட்ட நெக்குகள் 1981 வரை கிடாரில் ஏறின. E4 எண்ணோ 1984இல் தொடங்கி 1987 வரை வந்துகொண்டே இருந்தது, அதனால் E4 என்று பார்த்ததும் 1984 என்று சொல்லிவிடக் கூடாது, ஃபிரெட்டை, அதாவது நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை, எண்ணுங்கள். 21 ஃபிரெட்டா 22 ஃபிரெட்டா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது, 22 ஃபிரெட்டும் இரண்டு தூணில் நிற்கும் பிரிட்ஜும் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) சேர்ந்து இருந்தால் அது 1986இன் கடைசியில் தொடங்கிய அமெரிக்கன் ஸ்டாண்டர்டு மாடல், எண் என்ன சொன்னாலும் சரி. 1990இலும் ஒரு குளறுபடி நடந்தது, N0 என்று அச்சாகியிருக்க வேண்டியது சில கிடார்களில் N9 என்று அச்சாகிவிட்டது. N9 எண்ணோடு 1990க்கே உரிய பாகங்களைப் பார்த்தால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

E என்று தொடங்குகிறது, ஆனால் அமெரிக்கக் கிடார் மாதிரி தெரியவில்லை

E எழுத்தை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். அமெரிக்க E எண் ஹெட்ஸ்டாக்கில் லோகோவோடு இருக்கும். ஜப்பானில் 1984 முதல் 1987 வரை செய்ததிலும் E உண்டு. அங்கே பெரும்பாலும் நெக்கின் பின்புறம், பாடியோடு சேரும் இடத்துக்கு மேலே, மேட் இன் ஜப்பான் என்ற எழுத்தோடு சேர்ந்து இருக்கும். கொரியாவில் செய்த சில ஸ்குவையர்களிலும் (ஸ்குவையர் ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டு) E உண்டு. ஆகவே எழுத்தைவிட அது எங்கே எழுதியிருக்கிறது என்பது முக்கியம்.

ஜப்பானா என்று உறுதி செய்ய உள்ளே பார்ப்பதுதான் நல்ல வழி. வால்யூம் பட்டனைக் கழற்றினால் கீழே இருக்கும் பாட், அதாவது பொட்டென்ஷியோமீட்டர், அமெரிக்கக் கிடாரில் பெரிதாக இருக்கும், அதன் திரி நுழையும் ஓட்டை 9.5 மில்லிமீட்டர். ஆசியத் தயாரிப்பில் பெரும்பாலும் சின்ன பாட், சின்ன ஓட்டை. யாராவது பின்னால் அமெரிக்க பாட் மாற்றியிருந்தால் பிக்கார்டின் (பாடியின் முகத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) ஓட்டை அரத்தால் அகலப்படுத்திய மாதிரி கரடுமுரடாகத் தெரியும்.

ஜப்பான் என்று தெரிந்ததும் முகம் வாடிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட வேண்டியதே இல்லை. 1982இல் மட்சுமோட்டோவில் ஃபுஜிகென் தொழிற்சாலை செய்ய ஆரம்பித்த JV கிடார்கள் அவ்வளவு நேர்த்தியானவை, அந்த நேரத்து அமெரிக்கத் தயாரிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெக் குழியின் இறுக்கத்திலேயே வித்தியாசம் தெரியும். கிராஃப்டட் இன் ஜப்பான் என்று எழுதியிருந்தால் அது 1997க்குப் பிறகானது.

M என்று தொடங்கினால் மெக்சிகோவின் என்செனாடா, MN என்றால் தொண்ணூறுகள், MZ என்றால் இரண்டாயிரங்கள். ICS என்றால் இந்தோனேசியாவில் செய்த ஸ்குவையர், CY என்றால் சீனாவில் செய்த ஸ்குவையர். இவற்றில் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

நெக்கில் மூன்றே திருகு

1971இன் பிற்பகுதியிலிருந்து 1981 வரை. மூன்று திருகோடு கூடவே இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கில், நட்டுக்கு (நெக்கின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) மேலே, தோட்டா மாதிரி ஒரு டிரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகத் தண்டு) முனை நீட்டிக்கொண்டிருக்கும், நெக் பிளேட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதன் வழியாக ஆலன் சாவி விட்டு நெக்கின் சாய்வை மாற்றலாம். இந்த மூன்றும் சேர்ந்தே வந்தவை. தோட்டா இருக்கிறது ஆனால் நான்கு திருகு என்றால் பெரும்பாலும் இரண்டு வாய்ப்பு: 1979இல் வந்த 25ஆவது ஆண்டு நினைவு மாடல், அதன் எண் 25 என்று தொடங்கும், இல்லையென்றால் யாரோ நெக்கையோ பாடியையோ மாற்றியிருக்கிறார்கள். நெக்கைக் கழற்றினால் பழைய மூன்றாவது ஓட்டையை அடைத்த மரக்குச்சி தெரிந்துவிடும்.

மூன்று திருகுக் கிடாரில் நெக் பக்கவாட்டில் ஆடுகிறது, தடித்த கம்பி ஃபிரெட்போர்டின் ஓரத்துக்குப் போய்விடுகிறது என்று கொண்டுவருவார்கள். திருகின் எண்ணிக்கையைக் குற்றம் சொல்வார்கள், ஆனால் நான் பார்த்தவரை காரணம் அகலமாக வெட்டிய குழிதான். கம்பியை லேசாகத் தளர்த்தி, திருகை அரைச் சுற்று விட்டு, நெக்கை நேராகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹெட்ஸ்டாக் பெரிதாக இருக்கிறது, லோகோ இல்லை அல்லது புதுசாக மின்னுகிறது

ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. அந்த வருட இறுதிக்குள் ஸ்ட்ராட்டின் ஹெட்ஸ்டாக் பெரிதானது, 1981 வரை அப்படியே இருந்தது. ஆக, பெரிய தலை என்றால் அந்தப் பதினாறு வருடம், அல்லது பின்னால் வந்த எழுபதுகள் பாணி மறுதயாரிப்பு.

லோகோவைப் பொறுத்தவரை மெல்லிய தங்கக் கோட்டில் எழுதியது 1964 நடு வரை, கறுப்பு ஓரம் வைத்த தடித்த தங்க எழுத்து அதற்குப் பிறகு சில வருடம், 1968 வாக்கில் கறுப்பு எழுத்து. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சாட்சிகளிலேயே கடைசியாக இதைக் கூப்பிடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். பழைய லோகோவும் சுற்றி உள்ள பூச்சும் ஒரே மாதிரி மஞ்சளாகி, ஒரே மாதிரி வெடித்திருக்க வேண்டும். சுற்றிலும் பூச்சு பொடிப்பொடியாக வெடித்து லோகோவின் மேல் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் அது பின்னால் ஒட்டியது.

டியூனிங் கீயைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். முதுகில் F பொறித்த கீ 1967க்குப் பிறகு, அதற்கு முன் குளூசன் நிறுவனத்தின் கீ. கீ மாற்றியிருந்தால் பின்பக்கம் பழைய திருகு ஓட்டைகள் சும்மா நிற்கும், அந்த ஓட்டைகளின் இடைவெளியே முன்பு எந்தக் கீ இருந்தது என்று சொல்லிவிடும். இந்தச் சின்ன ஓட்டைகளை மாவு போட்டு அடைத்துப் பூச்சு அடிக்காதீர்கள், அது ஒரு ஆவணம்.

நெக்கைக் கழற்றினேன், அடியில் 22 என்று இருக்கிறது, நாள் 22ஆம் தேதியா?

இல்லை. அடிக்கடி வரும் கேள்வி இது, கேட்பவர்கள்மேல் தப்பில்லை, 22 OCT 69 B என்று அச்சுக் குத்தியிருந்தால் யாரும் அக்டோபர் 22 என்றுதான் படிப்பார்கள். முன்னால் இருக்கும் எண் மாடல் குறி. அறுபதுகளின் நடுவில் ஸ்ட்ராட்டுக்கு 13, பிறகு 22. மாதமும் வருடமும் மட்டும்தான் தேதி. கடைசி எழுத்து நட்டின் அகலம். B என்றால் ஒன்றே ஐந்தின் கீழ் எட்டு அங்குலம், அதாவது 41 மில்லிமீட்டர் சொச்சம், வழக்கமான அளவு. A என்றால் அதைவிட ஒல்லி, C என்றால் அகலம்.

1962 தொடக்கம் வரை இதே இடத்தில் பென்சிலால் கையெழுத்தில் மாதமும் வருடமும் எழுதியிருப்பார்கள். எழுபதுகளில் இது எண்களாக மாறியது. உதாரணமாக 0903 1055. முதல் இரண்டு இலக்கம் 09 என்றால் ஸ்ட்ராட், அடுத்த இரண்டு நெக் வகை, அதற்கடுத்த 10 என்பது வாரம், அடுத்த 5 என்பது 1975, கடைசி 5 வாரத்தின் ஐந்தாம் நாள். அதாவது 1975இன் பத்தாம் வாரம், வெள்ளிக்கிழமை. எனக்கு இது ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிற இடம், எங்கோ ஃபெண்டர் ஆலை இருந்த ஃபுல்லர்டனில் ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் குத்திய அச்சு நம் மேசைமேல் விரிகிறது.

தேதியே இல்லையா? நெக் அடியில் பூச்சு இல்லாத வெறும் மரம் உப்புத்தாள் தேய்த்த வெண்மையோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பழைய கிடாரை ஃபிரெட் மாற்றக் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வேலை செய்தவர் நெக் சாய்வைச் சரிசெய்கிறேன் என்று அடிப்பாகத்தையும் தேய்த்திருக்கிறார், தேதி போய்விட்டது. சாய்வுக்கு நெக் குழியில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டு வைத்திருந்தால் போதும். மரத்தைத் தேய்த்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

பாட் தேதி நெக் தேதியோடு ஒத்துப்போகவில்லை

பிக்கார்டைத் தூக்கி பாட்டின் முதுகையோ பக்கத்தையோ பாருங்கள். ஆறோ ஏழோ இலக்கம் இருக்கும். முதல் மூன்று செய்தவர் யார் என்பது: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். கடைசி இரண்டு வாரம். நடுவில் இருப்பது வருடம், ஐம்பதுகளில் ஒரே இலக்கம், பிறகு இரண்டு. 1377633 என்றால் சிடிஎஸ், 1976, 33ஆம் வாரம். 304632 என்றால் ஸ்டாக்போல், 1956, 32ஆம் வாரம்.

பாட் நெக்கைவிடப் பழையதாக இருந்தால் கவலையே வேண்டாம். பாட்டை மூட்டை மூட்டையாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்கள். குறிப்பாக 1966இல் ஃபெண்டர் பெரிய அளவில் வாங்கிக் குவித்தது, அந்த 66ஆம் வருட பாட்டுகள் 1969 வரை கிடாரில் வந்துகொண்டிருந்தன. 69 நெக், 66 பாட் என்றால் அது சந்தேகத்துக்குரியது இல்லை, சொல்லப்போனால் கிடார் அப்படியே இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. பாட் நெக்கைவிட ஒரு வருடத்துக்கும் மேலாகப் புதியது என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போது பற்றவைத்த ஈயத்தைப் பாருங்கள். ஆலையில் வைத்த பற்று மங்கி, ஒரே அளவில், ஒரே கை வேலையாக இருக்கும், பின்னால் வைத்தது பளபளவென்றோ குமிழாகவோ, சுற்றிலும் பழுப்புப் பசை படிந்தோ இருக்கும். மூன்று பாட்டில் ஒன்று மட்டும் புதியது என்றால் பழுதாகி மாற்றியிருக்கிறார்கள், மற்ற இரண்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வயரையும் பாருங்கள். அறுபதுகளின் பிற்பகுதி வரை துணி சுற்றிய வயர், அப்புறம் பிளாஸ்டிக். ஐந்து நிலை ஸ்விட்ச் 1977இல்தான் ஆலையிலிருந்து வந்தது, அதற்கு முன் மூன்று நிலை. ஆனால் பழைய கிடார் வைத்திருந்த பாதிப் பேர் தாங்களாகவே ஐந்து நிலை ஸ்விட்ச் வாங்கி மாட்டியிருப்பார்கள், அதனால் ஸ்விட்ச் ஒன்றை மட்டும் பார்த்துக் கிடாரைத் தள்ளிவிடாதீர்கள். எக்காரணத்தைக் கொண்டும் தேதி பார்ப்பதற்காக ஈயப் பற்றை உருக்காதீர்கள். எண் பற்றுக்கு அடியில் மறைந்திருந்தால் மறைந்தே இருக்கட்டும், அடுத்த பாட்டைப் பாருங்கள்.

இரண்டே பட்டன், ஜாக் பிக்கார்டிலேயே இருக்கிறது

யாரோ வெட்டி ஒட்டிய கிடார் என்று நினைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அப்படியில்லை, 1983, 84இல் செலவைக் குறைக்க ஃபெண்டரே அப்படிச் செய்தது. படகு மாதிரி குழிந்த ஜாக் தகடு போய், மூன்றாவது பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் ஜாக் வந்தது, பிரிட்ஜும் வேறு வகை. அந்த பிரிட்ஜுக்கு மாற்றுப் பாகம் கிடைப்பது கஷ்டம், எனவே இருப்பதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

புது பிரிட்ஜ் வாங்கினேன், உட்காரவில்லை

இந்தப் பிரச்சினையோடு வருபவர்களுக்குத் தங்கள் கிடார் எது என்று தெரியாது என்பதே பிரச்சினை. ஓரத்துக் கம்பி இரண்டுக்கும் நடுவில் பிரிட்ஜில் அளந்து பாருங்கள். 56 மில்லிமீட்டர் என்றால் பழைய அமெரிக்க அளவு. 52.5 என்றால் அமெரிக்கன் ஸ்டாண்டர்டு, அல்லது ஆறு திருகு இருந்தால் மெக்சிகோ ஸ்டாண்டர்டு. 56க்குச் செய்த பிரிட்ஜை அந்த மெக்சிகோ பாடியில் மாட்ட முயன்று ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

கூடவே காந்தத்தை எடுங்கள். பிரிட்ஜின் அடிக்கட்டையிலும் கம்பி தாங்கிகளிலும் வையுங்கள். எஃகு என்றால் ஒட்டும். 1971இன் பிற்பகுதியில் ஃபெண்டர் மசாக் என்ற துத்தநாகக் கலவை வார்ப்புக்கு மாறியது, அதில் காந்தம் ஒட்டாது. மூன்று திருகு நெக், கட்டையில் காந்தம் ஒட்டவில்லை என்றால் இரண்டும் பொருந்துகின்றன. 65 என்று சொல்லப்படும் கிடாரில் வார்ப்புக் கட்டை என்றால் பிரிட்ஜ் மாறியிருக்கிறது. எழுபதுகளின் கட்டையை எஃகுக்கு மாற்றினால் ஒலி நன்றாக இருக்கும் என்று மாற்றுவார்கள், மாற்றுங்கள், ஆனால் பழையதை ஒரு பையில் போட்டுக் கேஸிலேயே வையுங்கள்.

ஃபிரெட் அளவு சரியாக இல்லை, ஸ்ட்ராட் மாதிரி இருக்கிறது ஆனால் சின்னதாகத் தெரிகிறது

நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 648 மில்லிமீட்டர் வர வேண்டும். 628 பக்கம் வந்தால் நெக் கிப்சன் அளவில் செய்தது. 610 வந்தால் ஃபெண்டரின் மஸ்டாங் மாடல் அளவு. பாடியின் கனத்தையும் அளக்கலாம், ஃபெண்டர் ஸ்ட்ராட் 44, 45 மில்லிமீட்டர் இருக்கும், மலிவான நகல்கள் பல அதைவிட மெல்லியவை.

மஸ்டாங் என்றவுடன் ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும், இது நம் பக்கத்து விஷயமும்கூட. ஹெட்ஸ்டாக்கில் சன் மஸ்டாங் என்று எழுதிய கிடார் வந்தால் அது ஃபெண்டர் மஸ்டாங் இல்லை. சன் என்பது ஃபெண்டர் வாங்கிய ஆம்ப்ளிஃபையர் பெயர். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பெயரில் ஸ்ட்ராட் வடிவத்தில் கிடார் செய்தார்கள், செய்தது இந்தியாவில். ஸ்குவையர் டூ என்ற பெயரிலும் கொரியாவில் செய்ததுபோல இந்தியாவிலும் செய்தார்கள். மேட் இன் இந்தியா என்ற எழுத்து தேய்ந்துபோய் 'இது என்ன ஸ்ட்ராட்' என்று கேட்டுக் கொண்டுவந்தால் ஸ்பிரிங் குழியின் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள், கேக் அடுக்கு மாதிரி பிளைவுட் வரிகள் தெரிந்தால் விடை அந்தப் பக்கம்தான். அமெரிக்கக் கிடார் என்று விலை கொடுத்திருந்தால் மனம் கஷ்டப்படும். ஆனால் நம் நாட்டில் செய்து வெளிநாட்டுக்குப் போன கிடாரின் ஒரு குட்டிக் கதை அது, நன்றாக ஃபிரெட் சமன் செய்து கொடுத்தால் நல்லபடியே வாசிக்கும்.

சத்தம் மெலிசாக இருக்கிறது, பிக்கப் அசலா?

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் காந்தச் சுருள். முதலில் மல்டிமீட்டர். ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையில் முனைக்கும் உடலுக்கும் நடுவில், வால்யூமை முழுவதும் திறந்து, ஒவ்வொரு பிக்கப்பாக ஸ்விட்சை மாற்றி அளங்கள். பழைய ஸ்ட்ராட் பிக்கப் ஐந்தரையிலிருந்து ஆறரை கிலோ ஓம் வரை காட்டும். ஒன்று மட்டும் எண்ணே காட்டாமல் திறந்து நின்றால் உள்ளே மயிரிழைக் கம்பி அறுந்திருக்கிறது, திரும்பச் சுற்றலாம். இந்த எண் பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், வயதைச் சொல்லாது.

வயதுக்குக் கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தக் கம்புகளைப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக உயரம் மாறியிருந்தால் 1974 வரை, ஒரே மட்டமாக இருந்தால் அதற்குப் பின். பிறகு பிக்கப்பைத் திருப்பி அடித்தகட்டின் நிறத்தைப் பாருங்கள். 1964 வரை கறுப்பு, அப்புறம் சாம்பல். அடியில் இரண்டு செங்கல் மாதிரி செராமிக் காந்தம் ஒட்டியிருந்தால் அது மலிவு வகைப் பிக்கப், பழைய அமெரிக்க ஃபெண்டரில் அப்படி வராது. விற்பவர் எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, எட்டுத் திருகோ பதினொரு திருகோ கழற்றி இதை ஒரு தரம் பார்ப்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

திருகு எண்ணிக்கையைச் சொன்னது காரணத்தோடுதான். எட்டுத் திருகு, ஒரே அடுக்கு வெள்ளைப் பிக்கார்டு என்றால் 1959 நடு வரை. பதினொன்று, மூன்று அடுக்கு என்றால் அதற்குப் பின். அதில் 1965க்கு முந்தியவை செல்லுலாய்டு, வயதாக ஆக இளம் பச்சையாகச் சுருங்கி, நடுவில் திருகைப் பிடித்து இழுத்து விரிசல் விடும். விரிசல் விட்டாலும் பரவாயில்லை, கழற்றி வைத்துவிட்டு நகலை மாட்டிக்கொள்ளுங்கள்.

பூச்சு ரொம்ப நன்றாக இருக்கிறது, திரும்ப அடித்ததா?

அசிட்டோன் தடவிப் பார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அசலாக இருந்தால் அசலைக் கரைப்பீர்கள். ஊதாக் கதிர் டார்ச் இப்போது சின்ன விலைக்குக் கிடைக்கிறது, இருட்டறையில் அடித்துப் பாருங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், தொட்டு அடித்த இடங்கள் கறுப்பாகவோ வேறு நிறத்திலோ திட்டுத்திட்டாகத் தெரியும். அறுபதுகளின் கடைசியில் தடித்த பாலியெஸ்டருக்கு மாறினார்கள், எனவே எழுபதுகளின் கிடார் கண்ணாடி மாதிரி தடிப்பாக இருந்தால் அது குறையில்லை, அந்தக் காலத்துக்கு அதுதான் சரி. திரும்ப அடித்த கிடாரில் நெக் குழிக்குள்ளும் பிக்கப் குழிக்குள்ளும் இரண்டு நிறம் தெரியும், அங்கே பாருங்கள், வெளியே பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மரமும் கொஞ்சம் பேசும். 1956 நடு வரை ஆஷ், அதற்குப் பிறகு வழக்கமாக ஆல்டர், எழுபதுகளில் இயற்கை நிறக் கிடார்களில் மறுபடி ஆஷ், அவற்றில் சில நான்கரை கிலோ கனக்கும். ஃபிரெட்போர்டில் ரோஸ்வுட் 1959இல் வந்தது, 1962 நடு வரை தட்டையான அடியோடு தடித்த பலகை, பிறகு வளைந்த மெல்லிய தகடு. நெக்கின் அடி முனையைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்று தெரியும். அறுபதுகளின் நடுப்பகுதி வரை பிரேசில் மரம், அதற்குப் பிறகு நம் ஊர் ஈட்டி. பிரேசில் மரம் 1992 முதல் சர்வதேச வணிகத்தில் தடைப்பட்டியலில் இருக்கிறது, வெளிநாட்டுக்கு விற்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் பார்த்தேன், எதுவும் எதோடும் சேரவில்லை

அப்படியானால் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நெக், பாடி, மின் பாகம். ஒவ்வொன்றின் கீழும் நீங்கள் பார்த்த அடையாளத்தையும் அது சொல்லும் வருடத்தையும் எழுதுங்கள், நீங்கள் ஊகித்ததை எழுத வேண்டாம். சென்ற மாதம் வந்த ஒரு கிடாரில் தாள் இப்படி நிரம்பியது. நெக்கில் 0901 என்று தொடங்கும் அச்சு, 1974. தோட்டா முனை, மூன்று திருகு, F கீ, நெக் முழுவதும் 74ஓடு சரி. பாடியில் மூன்று ஓட்டை, ஆனால் குழிக்குள் இரண்டு நிறம், பாடி காலத்தோடு சரி, பூச்சு மட்டும் பின்னால் அடித்தது. இரண்டு பாட் 1974, ஒன்று 1981. ஐந்து நிலை ஸ்விட்ச். பிரிட்ஜ் கட்டையில் காந்தம் ஒட்டுகிறது, ஆகவே மாற்றியது. பிக்கப் மூன்றும் மேடு பள்ளம், அடி சாம்பல். ஆக 1974இல் கோர்த்த கிடார். 81இலோ அதற்குப் பிறகோ யாரோ ஒருவர் கரகரத்த வால்யூமை மாற்றியிருக்கிறார், ஸ்விட்சும் பிரிட்ஜும் எப்போதோ மாறியிருக்கின்றன, நிறமும் மாறியிருக்கிறது. இதில் மர்மம் எங்கே இருக்கிறது? அதை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை நான்காக மடித்துக் கேஸின் சின்னப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்.